குடும்பம் என்றால்

லாரியை ஷெட்டில் விட்டுவிட்டு வீடு வந்த டிரைவருக்கு, தன் கட்டிலில் குறட்டை விட்டுக்கொண்டிருந்த மச்சினனைப் பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது. இன்டர்வியூவுக்காக இரண்டு நாள் தங்க வந்தவன். மாதக்கணக்காகியும் அந்தக் கம்பெனி இருக்கும் தெருப் பக்கம்கூடத் தலைகாட்டவில்லை.

மனைவியிடம் சொல்ல தைரியமில்லை. தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை பேசினால் அன்றைக்குக் குழம்பில் உப்பு இருக்காது. அதனால் மேல்மாடிக்குப் போனார். அங்கே குடியிருந்த வீட்டுக்கார அம்மா கோர்ட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாடகை ஒப்பந்தத்தைத் தானே உட்கார்ந்து எழுதியவர். அன்றைக்கு டிரைவர் லோடு ஏற்றிப் போயிருந்ததால் அதில் கையெழுத்துப் போட்டது மனைவிதான். வெளி ஆள் தங்கக் கூடாது என்று நீங்களே வந்து சொல்லிவிடுங்கள், பழி என்மேல் விழாது என்று டிரைவர் கெஞ்சினார்.

"வெளி ஆளா இருந்தா நானே கிளப்பிடுவேன். அவர் குடும்பத்துக்குள்ள வர்றாரே."

"அவன் எப்படிம்மா குடும்பம்? பொண்டாட்டி, புள்ளைங்க, அதானே குடும்பம்?"

"அது நாம பேசுறப்போ. ஒப்பந்தத்துல குடும்பம்னா, ஒரே அடுப்புல சமைச்சுச் சாப்பிடுறவங்க. சொந்தபந்தம்லாம் அதுல கணக்கே இல்ல."

டிரைவருக்கு வழி கிடைத்துவிட்டது. மறுநாளே புது அடுப்பு ஒன்றை வாங்கி பால்கனியில் வைத்தார். நாளைக்கு வேலைக்குப் போகிற பையன், தனியாகச் சமைத்துப் பழகட்டும் என்று பூசி மெழுகினார்.

மனைவிக்கா புரியாது? பாத்திரங்களை அள்ளிக்கொண்டு பால்கனிக்குக் குடிபோனாள். தம்பிக்கும் மகளுக்கும் தனக்கும் புது அடுப்பில் சமைத்தாள். பழைய அடுப்பு டிரைவருக்கு. அவர் வைத்த சோறு ஒருநாள் கஞ்சியானது, மறுநாள் கரியானது. பால்கனியிலிருந்து தாளிக்கிற வாசனை வரும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டார். இருக்கட்டும், சட்டம் நம் பக்கம்.

வாரக் கடைசியில் வீட்டுக்கார அம்மாவைக் கையோடு அழைத்து வந்தார். தனி அடுப்பு வந்துவிட்டது, இனி ஒப்பந்தப்படி நடவடிக்கை எடுங்கள் என்றார். அந்த அம்மா இரண்டு அடுப்பையும் நிதானமாகப் பார்த்தார். யார் யாருக்கு எதில் சாப்பாடு என்று மகளிடம் விசாரித்தார். பிறகு டிரைவர் பக்கம் திரும்பினார்.

"கையெழுத்துப் போட்ட உங்க வீட்டம்மா, அவங்க தம்பி, பாப்பா, மூணு பேரும் ஒரே குடும்பம். வெளி ஆள் எப்போ கிளம்புறீங்க, டிரைவர்?"