மச்சான் வந்த வெள்ளிக்கிழமை

முற்றத்தில் சைக்கிள் மணி கேட்டபோது அச்சிமுகம்மதின் இரண்டு காலும் தறிக்குழிக்குள் இருந்தன. எழும்பி ஓட வழியில்லை. வெள்ளைக் காற்சட்டை போட்ட ஓர் இளைஞன் வாசலுக்கே வந்துவிட்டான்.

"அச்சிமுகம்மதுட வீடுதானே? உதவிப்பணக் கந்தோரில இருந்து வாறன்."

அச்சிமுகம்மது தறியிலிருந்து கையை எடுத்தான். ஐம்பத்திரண்டாம் ஆண்டில் அணைக்கட்டு வேலை முடிந்து ஆட்களை நிறுத்தியபோது வீட்டோடு வந்து சேர்ந்தவன் அவன். குடியேற்றங்களில் உழவு மெசின் பெருகிவிட்டது, திருத்த ஆளில்லை என்று கல்முனையில் ஒரு வகுப்பு வைத்தார்கள். பழகி முடியும்வரை கிழமைக்குக் கிழமை அரசாங்கக் கந்தோரில் உதவிப்பணம். ஒரேயொரு சட்டம், அதுவரை வேறு தொழில் செய்யக் கூடாது. செய்தால் பணமும் போகும், வகுப்பும் போகும்.

தறியில் நெய்கிற மனைவி றஹீமாவுக்குக் கை சுளுக்கு. கலியாண வீட்டுக்குச் சாறன் நெய்து கொடுத்தாக வேண்டும். வெள்ளிக்கிழமை வகுப்பும் இல்லை. அதனால்தான் தறியில் உட்கார்ந்தேன் என்றால் எந்தக் கந்தோர் நம்பும்? அதுவும் வீட்டுக்கு வீடு தறி ஓடுகிற மருதமுனையில்!

"அவர் இல்ல," என்றான் அச்சிமுகம்மது.

"அப்ப நீங்க ஆரு?"

"நான்... அவர்ர மச்சான். பேர் ஜவுபர். கூலிக்கு நெய்ய வந்தன்."

இளைஞன் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துவிட்டு அடுத்த கேள்வியைக் கேட்டான். "வேலையில்லாத மனிசன் கூலிக்கு ஆள் வைக்கிறாரா?"

"சீ, சொந்தத்துக்குள்ள என்ன கூலி? சும்மா உதவிக்குத்தான்."

"அப்ப உங்களுக்கும் வேலையில்ல?"

"அல்லாஹ்வே... இல்ல."

இளைஞனின் முகம் மலர்ந்தது. "உங்களையும் வகுப்பில பதியலாமே காக்கா!" என்று அண்ணன் முறை வைத்தே கூப்பிட்டான். " அச்சிமுகம்மது வரட்டும், ரெண்டு பேரையும் வெச்சுக் கதைப்பம்." நாற்காலியை இழுத்துப் போட்டுச் சாவகாசமாக உட்கார்ந்தான்.

மச்சானைக் கூட்டி வருகிறேன் என்று குழியை விட்டு ஏறிய அச்சிமுகம்மது, பின்பக்கக் கிடுகு வேலியைத் தாண்டினான். கொடியில் கிடந்த சட்டையை மாட்டினான். அது இன்னும் காயவில்லை. தொப்பியை நெற்றிவரை இழுத்துவிட்டு, தண்ணீர் சொட்டச் சொட்ட முன்வாசலால் வந்தான்.

"அஸ்ஸலாமு அலைக்கும். நான்தான் அச்சிமுகம்மது."

இளைஞன் அவனை ஏற இறங்கப் பார்த்தான். "மச்சான்மார் ரெண்டு பேரும் இப்பிடி ஒரே சாயலா?"

"நாங்க சொந்தத்துக்குள்ள கலியாணம் முடிச்ச ஆக்கள்."

"நல்லம். அவர் எங்க?"

"அவருக்கு வயித்தால போகுது. இப்ப வரமாட்டார்."

"பாவம். வரட்டும், நான் இரிக்கிறன்."

அந்த நேரம் பார்த்து, கைக்கு எண்ணெய்க் கட்டுப் போடப் போயிருந்த றஹீமா படலையைத் திறந்தாள். கந்தோர்க்காரர் வந்திருக்கிற செய்தி தெருமுனையிலேயே அவளுக்குக் கிடைத்துவிட்டது. மனிசன் தறியில் அகப்பட்டுவிட்டார், எப்படியாவது காப்பாற்ற வேண்டும் என்று வழிநெடுக யோசித்துக்கொண்டுதான் வந்தாள்.

"இவர் உங்கட புருஷன்தானே?" என்று இளைஞன் கேட்டான்.

"இவரா?" றஹீமா முக்காட்டைச் சரிசெய்தாள். "இவர் எங்கட காக்கா. எனக்குக் கை ஏலாதெண்டு நெய்து தாறார். எங்கட மனிசன் மெசின் மெசின் எண்டு கல்முனையிலதான் கிடை. தறியத் திரும்பியும் பாக்கமாட்டார்."

இளைஞன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அச்சிமுகம்மது தொப்பியைக் கழற்றினான். "தம்பி, நான்தான் ரெண்டு பேரும்."

றஹீமா தலையில் கை வைத்தாள், சுளுக்கிய கையை வைத்துவிட்டு "உம்மா!" என்றாள்.

"பணத்த நிப்பாட்டினாலும் வகுப்ப நிப்பாட்டிராதீங்க தம்பி," என்று அச்சிமுகம்மது கெஞ்சினான். "இஞ்சின் கழட்ட மட்டுந்தான் பழகியிரிக்கன். பூட்ட இன்னும் சொல்லித் தரல்ல."

அவனைவிட இளைஞனுக்குத்தான் அதிகமாக வியர்த்தது. மறுபடி கண்ணை மூடி முணுமுணுத்தான். இந்த முறை ஒன்றும் வரவில்லை போலிருந்தது. தண்ணீர் வாங்கிக் குடித்தான். "இதுக்கு என்ன கேக்கிறதெண்டு எனக்குத் தெரியா," என்று சொல்லிவிட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனான். ஏறி மிதிக்கக்கூட மறந்துவிட்டான்.

மறுநாள் அச்சிமுகம்மது வகுப்புக்குள் போகாமல், கந்தோர்ப் பியூன் றஊப்பிடம் போய் நின்றான்.

"நேத்து வந்த துரை என்ன சொன்னார்? என்ட பேர வெட்டியாச்சா?"

"எல்லாம் ஒழுங்காயிரிக்கெண்டு சொல்லிப்போட்டானே."

"ஒழுங்கா? அவர் என்னக் கையும் களவுமாப் பிடிச்சாரே! ஏன் காட்டிக் குடுக்கல்ல?"

றஊப் சிரிப்பை அடக்கமாட்டாமல் வாயைப் பொத்தினான்.

"அவன் எப்பிடிக் காட்டிக் குடுப்பான் காக்கா? உங்களப்போல அவனும் வேலை போய் உதவிப்பணம் எடுக்கிறவன்தான். இன்ஸ்பெக்டர்மாருக்கும் இப்ப தட்டுப்பாடாம், நேத்து உங்கட வீட்டுக்கு வந்தது அந்தத் தொழில் பழகத்தான்!"