என் அலாய் வீல் மேல் எல்லார் கண்ணும்

யாரையும் எளிதில் நம்பக் கூடாது என்பதில் மட்டும் எனக்கு அசைக்க முடியாத நம்பிக்கை உண்டு. பெட்ரோல் போடும்போது மீட்டரில் பூஜ்ஜியத்தைப் பார்ப்பது எல்லோரும் செய்வதுதான். நான் பூஜ்ஜியத்தைப் பார்த்துவிட்டு, போடுகிறவருடைய இன்னொரு கை எங்கே இருக்கிறது என்றும் பார்ப்பேன். தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் எடுக்க மாட்டேன். தெரிந்த நம்பராக இருந்தால், இந்த நேரத்தில் எதற்குக் கூப்பிடுகிறான் என்று யோசித்துவிட்டு எடுப்பேன். இதற்கு என் மனைவி கலைச்செல்வி வைத்திருக்கும் பெயரை அச்சில் போட முடியாது.

இப்படிப்பட்ட ஒருவன் பழைய காருக்கு அலாய் வீல் போட ஆசைப்படலாமா? பட்டேன்.

அணுபுரத்தில் எங்கள் குடியிருப்பில் நிற்கிற கார்களுக்கு நடுவில் என்னுடைய செகண்ட் ஹேண்ட் கார் மட்டும் சோப்பு டப்பா மாதிரி இருந்தது. செங்கல்பட்டில் ஒரு கடைக்குப் போய், இருப்பதிலேயே பெரிய அலாய் வீலையும் அதற்கேற்ற அகலமான டயரையும் காட்டினேன். கடைக்காரர் டேவிட் தலையைச் சொறிந்தார்.

"அண்ணாத்த, உங்க வண்டிக்கு இது ஜாஸ்தி. டயரு வெளிய துருத்திக்கினு நிக்கும். ஆளுங்க ஏறினா மேல உரசும்."

ஒரு கடைக்காரரே வேண்டாம் என்கிறார் என்றால் என்ன அர்த்தம்? வேறு யாருக்கோ எடுத்து வைத்திருக்கிறார் என்று அர்த்தம். "எனக்கு இதுதான் வேணும்" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

வீல் மாட்டியதும் அடுத்த கவலை பிடித்துக்கொண்டது. இவ்வளவு அழகான வீலை யார் விட்டு வைப்பார்கள்? வீலுக்கு ஒன்றாகப் பூட்டு நட்டு வாங்கிப் போட்டேன். அதற்கென்று உள்ள சாவி இல்லாமல் வீலை யாராலும் கழற்ற முடியாது. அந்தச் சாவியை வண்டியில் வைத்தால் திருடன் கையில் நாமே கொடுத்த மாதிரி ஆகிவிடாதா? வீட்டில் அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்தேன்.

நான் தனியாக ஓட்டியவரை வண்டி சத்தமே போடவில்லை. திருக்கழுக்குன்றத்தில் இருக்கும் மாமனார் வீட்டாரை ஏற்றிய அன்றுதான், ஒவ்வொரு வேகத்தடையிலும் பின்பக்கம் இடதுபுறத்திலிருந்து 'கர்ர்ர்ர்' என்று ஒரு சத்தம் வந்தது. என் வண்டியில் நான் போனால் வராத சத்தம், இவர்கள் ஏறினால் மட்டும் எப்படி வரும்? விசாரணையைத் தொடங்கினேன். ஒவ்வொருவராக அந்த இடத்தில் உட்கார வைத்து மலையைச் சுற்றியுள்ள சாலையில் ஓட்டிப் பார்த்தேன். மச்சினிச்சி சுகந்தி உட்கார்ந்தாள், சத்தம் இல்லை. மாமியார் உட்கார்ந்தார், லேசாக ஒரு முனகல். மாமனார் உட்கார்ந்தார். (மாமா நல்ல ஆகிருதி.) மலைமேல் இருக்கிற கோயிலுக்கே கேட்டிருக்கும்.

மாமனாரிடம் போய் "உங்கள் எடைதான் காரணம்" என்று சொல்ல முடியுமா? அவரை நைசாக முன் சீட்டுக்கு மாற்றப் பார்த்தேன். அவருக்கும் சந்தேகம் வந்துவிட்டது.

"இன்னா மாப்ள, என்னை மட்டும் அங்க உக்காரு, இங்க உக்காருன்றீங்க? எடை கிடை போட்டுகினு கீறீங்களா?"

"சேச்சே, காத்து வரட்டும்னுதான் மாமா."

மறுபடியும் டேவிட்டிடம் போனேன். பழைய வீலையே போட்டுக்கொள்ளுங்கள் என்றார். (என் அலாய் வீல் மேல் ஒரு கண்!) இல்லையென்றால் சின்ன டயர் மாற்றலாம் என்றார். (வியாபாரம்!) அதுவும் வேண்டாமென்றால், டயருக்கு மேலே இருக்கிற தகட்டின் விளிம்பைச் சூடு காட்டி உள்பக்கமாக மடித்துத் தருகிறேன், வண்டியை ஒருநாள் விட்டுவிட்டுப் போங்கள் என்றார். ஒருநாளா! ஒரு நாளில் உள்ளே எதையெல்லாம் கழற்றி மாற்றலாம் என்று யோசித்துப் பாருங்கள்.

வண்டியை வீட்டுக்கு ஓட்டி வந்து, ஒரு சுத்தியலும் மரக்கட்டையுமாக நானே உட்கார்ந்தேன். சூடு காட்டவில்லை. பெயிண்ட் போய்விடும் என்று பயம். தட்டித் தட்டிப் பாதி மடிந்தது. மீதி மடியவில்லை. மடிந்ததற்கும் மடியாததற்கும் நடுவில் தகடு பிளந்து ஒரு முனை நீட்டிக்கொண்டிருந்தது. டயருக்கும் அதற்கும் நடுவில் விரலை விட்டுப் பார்த்தேன், போயிற்று. போதும் என்று விட்டுவிட்டேன். விரலை விட்டபோது வண்டியில் யாரும் இல்லை என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சுகந்திக்கு நிச்சயதார்த்தம். மாமல்லபுரத்தில் மண்டபம். மாலை ராகு காலம் தொடங்குவதற்குள் தட்டு மாற்றியாக வேண்டும். இதற்கு முன்பு வந்த இரண்டு இடம் ஏதேதோ சொல்லித் தட்டிப் போயிருந்ததால், மாமா ஒரு மாதமாகச் சரியாகத் தூங்கவில்லை. "ஒரு சின்னக் கொறைகூட வந்துடக் கூடாது மாப்ள" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். பெண்ணை மூத்த மாப்பிள்ளையின் காரில்தான் அழைத்துப் போக வேண்டும் என்பதும் அவர் ஆசை. சொந்தக்காரர்கள் வேனில் முன்னால் போய்விட்டார்கள். என் காரில் கலை, சுகந்தி, மாமியார், பின்னால் இடதுபுறத்தில் மாமா. டிக்கியில் பழம், வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமம் எல்லாம் வைத்த தட்டுகள்.

முதல் வேகத்தடையில் 'கர்ர்'. இரண்டாவதில் ரப்பர் வாசனை. "அடுப்புல இன்னாவோ கருகுது" என்றார் மாமியார், காரில் உட்கார்ந்துகொண்டே. மாமல்லபுரத்துக்குச் சற்று முன்னால் ஒரு பள்ளம். 'டமார்!' நான் மடித்த தகட்டின் முனை டயரைக் கிழித்துவிட்டது.

ஸ்டெப்னி இருந்தது. ஜாக்கி இருந்தது. எல்லா நட்டையும் கழற்றினேன், ஒன்றைத் தவிர. பூட்டு நட்டு.

"சாவி எங்கங்க?" என்றாள் கலை.

"அரிசி டிரம்ல."

அவள் சாலையோரம் போய் நின்று, வருகிற வண்டிக்கெல்லாம் கை காட்ட ஆரம்பித்தாள். அந்த வழியாக ஒரு ஷேர் ஆட்டோ வந்தது, உள்ளே மீன் கூடைகளோடு. நிச்சயத் தட்டைக் கவிச்சி பக்கத்தில் வைக்கக் கூடாது என்று மாமியார் ஒரே பிடிவாதம். (பெண்ணை வைக்கலாம் போலிருக்கிறது.) பட்டுப்புடவையை மடியோடு சுருட்டிக்கொண்டு சுகந்தி மீன் கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்தாள். கலையும் மாமியாரும் பின்னாலேயே ஏறிக்கொண்டார்கள். கடைசியாக மாமா ஏறும்போது, "தட்டுங்களப் பத்திரமா பாத்துகினு இருங்க, மண்டபத்துலேர்ந்து ஆள் அனுப்புறேன்" என்று உரக்கச் சொன்னார். ஆட்டோவில் இருந்த அத்தனை பேர் காதிலும் விழுந்தது. எனக்கு அப்போதே பகீரென்றது.

போனில் ஏதோ தெரியாத நம்பர் விடாமல் அடித்தது. நான் எடுக்கவில்லை. பிறகு ஒரு மினி லோடு வண்டி வந்து நின்றது. அழுக்குப் பனியன், மடித்துக் கட்டிய வேட்டி, தலையில் துண்டு, கையெல்லாம் வாழைக்கறை. இறங்கிய ஆள் முதலில் பார்த்ததே என் வீலைத்தான்.

"நல்ல வீலா கீதே! டிக்கியத் தொறங்க தம்பி. தட்டுங்கள எடுத்துகினு போவணும்."

"நீங்க யாரு?"

"இன்னாபா, நான்தான் பையனோட நைனா. ஏகாம்பரம். போன் அடிச்சிகினே இருந்தேன், நீங்க எடுக்கல."

பெண் பார்க்க வந்த அன்று எனக்கு ஷிப்டு. அவரை நான் பார்த்ததில்லை. ஆனால் மகன் நிச்சயத்தன்று பனியனோடு சுற்றுகிற அப்பனும் உலகத்தில் உண்டா?

"பையன் பேர் என்ன?" என்றேன்.

சரியாகச் சொன்னார். பெண்ணின் பெயரையும் சொன்னார். ஆனால் இரண்டு பெயரும் மண்டப வாசலில் பேனரிலேயே இருக்கின்றன, எந்தத் திருடனும் படிக்கலாம்.

"ஆதார் கார்டு இருக்கா?"

"சட்டைல கீது. சட்டை மண்டபத்துல கீது. வாழமரம் கட்டிகினு இருந்தேன், ஆள் யாரும் இல்லன்னு அப்படியே வந்தேன். ராகு காலம் வந்துகினு கீது தம்பி!"

நான் டிக்கியின் மேலேயே ஏறி உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்தபடியே அவரைப் படம் எடுத்து, 'எச்சரிக்கை! கார் வீலையும் நிச்சயத் தட்டையும் திருட வந்திருக்கும் ஆசாமி. யாருக்காவது தெரியுமா?' என்று எழுதிக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். அன்று காலையில்தான் மாப்பிள்ளை வீட்டார் மொத்தப் பேரையும் அந்தக் குரூப்பில் சேர்த்திருந்தார்கள்.

உடனே கலை கூப்பிட்டாள். "அடப்பாவி மனுஷா! அது சுகந்தியோட மாமனாரு!"

டிக்கியிலிருந்து எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை. தட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு அவர் வண்டியிலேயே போனேன். அவர் ரோட்டையே பார்த்து ஓட்டினார். என் திமிரால் அந்தப் பெண்ணின் வாழ்க்கையே போயிற்று, இனி மாமா முகத்தில் எப்படி விழிப்பேன் என்று எனக்குள்ளேயே புலம்பினேன். (அப்போதும் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். வீல் நான்கும் இருந்தன.)

மண்டபத்துக்குள் நுழைந்தேன். எல்லோர் கையிலும் செல்போன், அதில் பனியனோடு ஏகாம்பரம். மாமாவின் முகம் இருண்டு கிடந்தது. மாமா வீட்டு வழக்கப்படி, பெண் வீட்டுத் தட்டை எடுத்துக் கொடுக்க வேண்டியவன் மூத்த மாப்பிள்ளை, அதாவது நான். வாங்க வேண்டியவர் அவர். அவசரமாகச் சட்டை மாட்டிக்கொண்டு வந்து என் எதிரில் நின்றார். தட்டை நீட்டினேன். அவர் கையை நீட்டவில்லை. சட்டைப் பையைத் தடவினார்.

"இப்ப வாங்கிக்கலாமா தம்பி, இல்ல ஆதாரக் காட்டட்டா?"

முதலில் சிரித்தது மாமாதான். அவர் அப்படிச் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை. ராகு காலத்துக்குக் கொஞ்சம் முன்னால் தட்டு மாறியது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

இப்போது கார் பழைய வீலில் சத்தமில்லாமல் ஓடுகிறது. சத்தமெல்லாம் சொந்தக்காரர்களிடம்தான். எங்கள் குடும்பத்தில் யார் யாருக்கு எதைக் கொடுத்தாலும், அது காபி டம்ளராகவே இருந்தாலும், "ஆதார் கீதா?" என்று கேட்காமல் கொடுப்பதில்லை.

போன மாதம் சுகந்திக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஏகாம்பரம் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது குழந்தை என் கையில் இருந்தது. அவர் சட்டைப் பையிலிருந்து கார்டை எடுத்து என் முகத்துக்கு நேராக நீட்டினார். அறையே சிரித்தது. நான் மட்டும் படத்தை நன்றாகப் பார்த்தேன். அது அவர் மாதிரியே இல்லை. இருந்தாலும் குழந்தையைக் கொடுத்துவிட்டேன்.