சாலையில் விழுந்த பெக்கான் யாருக்கு

சட்டமன்ற உறுப்பினரும் என் தங்கை மகனுமான டால்டனுக்கு, நீ பதவிக்கு வருவதற்கு முன்பே உனக்கு மூக்குத் துடைத்துவிட்ட லோனி மாமா எழுதுவது. மாமியின் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சுகம். உன் சுகத்தைச் செய்தித்தாளில் பார்த்துக்கொள்கிறோம்.

அதே தாளில்தான் நீ கொண்டுவரும் திருட்டுச் சட்டத் திருத்தத்தையும் படித்தேன். அதிலிருந்து உட்கார்ந்தால் எழுகிறேன், எழுந்தால் உட்காருகிறேன். மரத்திலிருக்கும் பெக்கான் கொட்டை தோப்புக்காரனுக்கு, சாலையில் விழுந்த கொட்டை பொறுக்குகிறவனுக்கு என்பதுதானே ஜார்ஜியாவில் நம் பக்கத்து வழக்கம்? இனி அதுவும் தோப்புக்காரனுக்கே, ஒரு வாளி பொறுக்கினால் ஓராண்டுச் சிறையாமே. வெர்னன் ஓடமின் தோப்போரம் முப்பத்தொரு வருஷமாக நான் பொறுக்காத குளிர்காலம் இல்லை. அந்தக் கொட்டையில் மாமி சுடும் ‘பை’ என்ற இனிப்பைத் தின்று ஒரு ஆளுநரே கண்கலங்கியிருக்கிறார் (ஆளுநரின் டிரைவர் என்பாள் மாமி, அவளுக்குத் தன்னடக்கம்). மரத்தை நான் தொட்டதே கிடையாது. என் பிக்கப் வண்டியின் கூரையில் நிற்கும் தூண்டில் கழி போகிற போக்கில் கிளையை உரசிக் கொட்டை உதிர்ந்தால் அதற்கு நானா பொறுப்பு? என் வீட்டுப் பெக்கான் மரமும்தான் சாலைமேல் கிளை நீட்டுகிறது, பொறுக்குகிற யாரையாவது கேட்டிருக்கிறேனா?

போன செவ்வாய் பள்ளிக்கூடத்தில் நீங்கள் கருத்துக் கேட்டபோது, மேடையில் நீ என்னைத் தெரியாதவன்போல் இருந்தாய், நான் தப்பாக நினைக்கவில்லை. நானே எழுந்து, "முப்பத்தோரு வருஷத்துல ஒரு கொட்டகூட காசு குடுத்து வாங்கினதில்ல ஐயா" என்று பெருமையாகச் சொன்னேன். பின்வரிசையில் துணை ஷெரிஃப் அதை எழுதிக்கொண்டதைப் பிறகுதான் கவனித்தேன். வெர்னன் வேறு, "லோனி, ஒன் தூண்டில்ல மீன் மாட்டி நான் பாத்ததே இல்லப்பா, என் தோப்புதான் மாட்டுது" என்றான். சபையே சிரித்தது. அன்றிலிருந்து ஷெரிஃபின் போலீஸ் வண்டி தினம் இரண்டு தரம் நம் வாசலில் மெதுவாகப் போகிறது. மாமி வாளியைத் துணி துவைக்கும் இயந்திரத்துக்குள் ஒளித்துவிட்டு, எடுத்துத் தரமாட்டேன் என்கிறாள். கிறிஸ்துமஸுக்குச் சர்ச்சில் பதினான்கு ‘பை’ இனிப்புக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது. எழுபத்திரண்டு வயதில் சிறை உடுப்பு எனக்குப் பொருந்துமா, நீயே சொல். ஜனவரியில் சட்டமன்றம் கூடுமுன் மசோதாவைத் திரும்பப் பெற்றுவிடு.

கர்த்தர் உன்னை எல்லாத் தீங்குக்கும், அடுத்த தேர்தலுக்கும் விலக்கிக் காப்பாராக.

உன் லோனி மாமா

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது ஜன்னல் வழியே பார்த்தால், நம் மரத்தடியில், சாலையோரம் வெர்னன், கையில் இரண்டு வாளி, அவன் வண்டிக் கூரையில் புத்தம்புதுத் தூண்டில் கழி. போய்க் கேட்டேன். "சாலையில விழுந்ததுதானே லோனி, ஜனவரி வரைக்கும் சட்டம் நம்ம பக்கம்" என்கிறான். மசோதா இருக்கட்டும். ஓராண்டு போதாது, மூன்றாக்கு. மாமி ஐந்து கேட்கிறாள். தூண்டில் கழிக்குத் தனிப் பிரிவு வேண்டும். என்னுடையதை இப்போதுதான் கழற்றினேன்.