குகையில் ஒரே ஓர் இடம்

ஒரு காட்டில், அருவிக்குப் பக்கத்திலேயே, பெண் பிராணிகளுக்கென்று ஒரு கல்லூரி இருந்தது. அங்கே சங்கங்கள் பல உண்டு. ஆனாலும் குகைத் தோழியர் சங்கம் என்றால் தனி மரியாதை. அதன் தோழிகள் அருவிக்குப் பின்னாலிருந்த குகையில் ஒன்றாகத் தங்குவார்கள், ஒன்றாகச் சாப்பிடுவார்கள், வகுப்புக்கும் ஒன்றாகவே தாமதமாக வருவார்கள்.

அந்த வருடம் சங்கத்துக்கு ஒரு சிக்கல். மூத்தவர்கள் எல்லோரும் படிப்பை முடித்துக்கொண்டு போய்விட்டார்கள். மிஞ்சியது தலைவி சௌந்தரி என்ற மயிலும், செயலாளர் இசக்கி என்ற அணிலும்தான். விடுதி வார்டனான கரடி அம்மா வந்து குகையைச் சுற்றிப் பார்த்தார்.

"ரெண்டு பேருக்கு இவ்வளவு பெரிய குகையா? மழைக்கு முன்னால ஆள் சேருங்க. இல்லேன்னா இதை ஸ்டோர் ரூம் ஆக்கிடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இருவரும் உட்கார்ந்து பேசினார்கள்.

"யாரைச் சேர்ப்பது?" என்றாள் இசக்கி.

"நம்மைப் போல இருப்பவர்களை."

"நீ மயில், நான் அணில். நம்மைப் போல என்றால் யாரடி?"

சௌந்தரி கொஞ்சம் யோசித்தாள். "சரி, என்னைப் போல இருப்பவர்களை."

"எத்தனை பேர்?"

"ஒருத்தி. அதுவும் நல்லவளாகக் கிடைத்தால்."

நேர்காணல் என்று அறிவித்த அன்று, வரிசை அருவியைத் தாண்டி ஆலமரம் வரை நின்றது. வந்தவர்களை ஒவ்வொருத்தியாகச் சௌந்தரி கழித்தாள். மான் கூச்சப்படுகிறாள். கீரி முறைத்துப் பார்க்கிறாள். பெருச்சாளி பேசிக்கொண்டிருக்கும்போதே தரையைத் தோண்டுகிறாள். கடைசியாகப் பவுனு என்ற முள்ளம்பன்றி வந்தாள்.

"உன்னை ஏன் சேர்க்க வேண்டும்?" என்று கேட்டாள் சௌந்தரி.

"வகுப்பில் என் பெஞ்சில் நான் மட்டும்தான் அக்கா. இதுவரை யாரும் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை. மூலையில் ஓர் இடம் கொடுத்தால் போதும், முள்ளை மடக்கிக்கொண்டு படுத்துக்கொள்வேன்" என்றாள் பவுனு. சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

இசக்கிக்கும் கண் கலங்கியது. சௌந்தரி தன் இறகைப் பார்த்தாள், பவுனுவின் முள்ளைப் பார்த்தாள். "சொல்லி அனுப்புகிறோம்" என்றாள்.

அன்று இசக்கி சாப்பிடவில்லை. "இப்படியே ஆள் பார்த்துக்கொண்டிரு. கடைசியில் இந்தக் குகையில் விளக்குமாறும் பக்கெட்டும்தான் குடியிருக்கும்" என்றாள். நெடுநேரம் சண்டை போட்ட பிறகு சௌந்தரியின் மனம் இளகியது. "போ, வந்த எல்லோரையும் சேர்த்துவிடு" என்றாள். இசக்கி ஓடிப்போய் எல்லோருக்கும் இடம் உண்டு என்று அறிவித்துவிட்டு வந்தாள்.

நல்ல கதையாக இருந்தால் இங்கேயே முடிந்திருக்கும்.

மறுநாள் ஒருத்தியும் வரவில்லை. இசக்கி பவுனுவைத் தேடிப் போனாள்.

"ஏன்டி வரவில்லை?"

"கீரியையும் சேர்த்தாச்சாமே அக்கா?"

"ஆமாம்."

"பெருச்சாளியை?"

"அவளையும்தான்."

பவுனு முள்ளை ஒரு முறை சிலிர்த்துக்கொண்டாள். "யோசித்துச் சொல்கிறேன் அக்கா. படிக்க வேண்டியது நிறைய இருக்கிறது."

"நேற்று அப்படி அழுதாயே?"

"நேற்று இடம் கிடைக்காதென்று நினைத்தேன்."

இசக்கி சோர்ந்துபோய்த் திரும்பி வந்து நடந்ததைச் சொன்னாள். சௌந்தரிக்குப் பவுனுவின் மனசு உடனே புரிந்துவிட்டது. அவளும் அதே ரகம்தான். "இதை என்னிடம் விடு" என்று கிளம்பினாள்.

பவுனுவைத் தனியாகக் கூப்பிட்டாள். "உன்னிடம் உண்மையைச் சொல்கிறேன். இடம் ஒன்றுதான். அது உனக்குத்தான். மற்றவர்கள் மனசு நோகக் கூடாதென்று சும்மா கூப்பிட்டிருக்கிறோம். அவர்களுக்குத் தெரிய வேண்டாம். பாவம், நீதான் பெருந்தன்மையாக நடந்துகொள்ள வேண்டும்."

பிறகு கீரியைத் தனியாகக் கூப்பிட்டாள். பிறகு மானை. பிறகு பெருச்சாளியை. மாலைக்குள் யாரும் பாக்கியில்லை.

மழை தொடங்கிய அன்று குகை நிரம்பியது. மான் குளிரில் நடுங்குவதைப் பார்த்த பவுனு, 'ஒப்புக்கு வந்தவள், பாவம்' என்று நினைத்து, தன் சருகுப் படுக்கையில் பாதியைத் தள்ளிக் கொடுத்தாள். மானும் அதே நினைப்போடு பவுனுவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முள் குத்தியது. அவள் நகரவில்லை. கீரி தன் போர்வையைப் பெருச்சாளிக்குப் போர்த்திவிட்டாள். எட்டிப் பார்த்த வார்டன் அம்மா, "இவ்வளவு ஒற்றுமையா இருக்கிற பிள்ளைகளை நான் பார்த்ததே இல்லை" என்று சொல்லி, குகையை அவர்களுக்கே விட்டுவிட்டார்.

இசக்கிக்கு மட்டும் மனசு உறுத்தியது. "எல்லோரிடமும் பொய் சொல்லிவிட்டோமே" என்றாள்.

"உறுத்தினால் போய்ச் சொல்லிவிடு."

இசக்கி எழுந்தாள். மானும் பவுனுவும் ஒட்டி உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தாள். "மழை விடட்டும்" என்று திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து, "என்னைச் சேர்த்தபோதும் பழைய தலைவி தனியாகக் கூப்பிட்டு இதையேதான் சொன்னாள்" என்றாள். "ஆனால் அது உண்மை."

சௌந்தரி அவளைப் பார்த்தாள். ரொம்பக் கனிவாக, தன் பங்கு வேர்க்கடலையை அவள் பக்கம் தள்ளினாள்.

"உண்மைதான்டி. சாப்பிடு."

நீதி: எத்தனை பேரை வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம், ஒருத்தியைத்தான் சேர்த்தோம் என்று ஒவ்வொருத்தியிடமும் தனித்தனியாகச் சொல்லத் தெரிய வேண்டும்.