முதலாளி ஸமீமாவும் கடன்காரி ஸமீமாவும்

இதைச் சரியாகச் சொல்வேனோ, பிழையாகச் சொல்லி யாரையாவது மாட்டிவிடுவேனோ என்ற பயம் ஸமீமாவுக்கு இன்றுவரை போகவில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். வங்கிக்கும் கடன் சங்கத்துக்கும் என்ன வித்தியாசம் என்று யாரும் கேட்டால், விளக்கம் சொல்லத் துணியாமல் பணிஸ் சுடும் தன் போறணை அடுப்பின் கதையையே சொல்வாள்.

வெள்ளவத்தையில் மூன்று தேநீர்க் கடைகளுக்கு மீன் அடைத்த பணிஸ் ரொட்டி சுட்டுக் கொடுத்து வந்தவளின் மின்சாரப் போறணை, ஒரு செவ்வாய்க்கிழமை புகைந்து அடங்கியது. புதியது ஒன்றரை இலட்சம். அடுத்த திங்களுக்குள் வாங்காவிட்டால் கடைக்காரர்கள் தெஹிவளையில் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள்.

முதலில் காலி வீதியில் ஒரு வங்கிக்குப் போனாள். குளிரூட்டியின் குளிரில் நடுங்கிக்கொண்டு காத்திருந்த பின், ஷெரோமி என்ற அதிகாரி புன்னகையோடு காணி உறுதிப் பத்திரம் கேட்டாள். வாடகை வீட்டுக்காரியிடம் ஏது உறுதி. "உங்களப் பற்றி எங்களுக்கு ஒண்டும் தெரியாதே, அன்ரி" என்று மிகுந்த மரியாதையோடு அனுப்பிவைத்தாள்.

பதினொரு வருடமாக அவள் மாதா மாதம் சேமித்து அறுபதாயிரம் சேர்த்து வைத்திருந்த சிக்கனக் கடன் சங்கம் ஒரு தையல் கடையின் மேல்மாடியில் இருந்தது. கௌரவ செயலாளர் ஆனந்தகிருஷ்ணன் கொள்ளுப்பிட்டியில் ஏதோ நவீனமயமாக்கல் கருத்தரங்குக்குப் போய் வந்ததிலிருந்து கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். வரிசை இலக்கம் கொடுக்கும் இயந்திரமும் வந்திருந்தது. ஸமீமாவுக்கு வந்த இலக்கம் எண்பத்தேழு. அறையில் வேறு யாருமில்லை. செயலாளர் எண்பத்தாறை மூன்று முறை அழைத்து, வராததற்கு வருந்தி, பிறகே அவளைப் பார்த்தார்.

"வங்கியில நீங்கள் வாடிக்கையாளர், தங்கச்சி. இங்க நீங்கள் முதலாளி. சங்கமே உங்கட."

யாரும் அவளை முதலாளி என்றதில்லை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"அப்ப என்ட சல்லிய எனக்குத் தாங்களேன், சேர்."

"அதெப்படி? ஒரு முதலாளி யோசிக்காமல் கடன் குடுக்கலாமோ?"

விதி பதினான்கின்படி, விண்ணப்பதாரியின் வீட்டுக்கு மிக அருகில் வசிக்கும் அங்கத்தவரே வீட்டைப் பரிசோதித்து அறிக்கை தர வேண்டும். செயலாளர் வரைபடத்தை விரித்து அடிக்கோலால் அளந்தார். மிக அருகில் வசிப்பவர் ஸமீமா. அது நான்தானே என்று அவள் மெல்லச் சொல்லிப் பார்த்தாள். விதியில் விலக்கு எதுவும் இல்லை என்று சொல்லிப் படிவத்தை நீட்டினார்.

மறுநாள் ஸமீமா மேற்படி வீட்டைப் பரிசோதித்தாள். தனக்கே தேநீர் ஊற்றினாள். பரிசோதகர் குடிக்கலாமா என்று தெரியாததால் ஆறவிட்டாள். விண்ணப்பதாரியை எவ்வளவு காலம் அறிவீர்? நாற்பத்தொன்பது வருடம். தற்போதைய வருமானம்? போறணை பழுது, வருமானமில்லை. கடனைத் திருப்பிக் கட்டுவாரா? கீழே கையெழுத்து வைக்க வேண்டுமே, பொய் எழுதலாமா. இந்தப் பெண் கரண்ட் பில்லை இரண்டு முறை பிந்திக் கட்டியவள் என்பது அவளைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. அதையும் எழுதினாள்.

ஞாயிறு கூட்டத்துக்கு நாற்பத்தொரு முதலாளிகள் வந்தார்கள். அறிக்கையைச் செயலாளர் உரக்க வாசித்ததும் மண்டபம் கலங்கியது. கடனுக்கு ஆதரவாக இருபது கை, எதிராக இருபது கை. மிச்சம் ஸமீமாவின் கை.

இறைச்சிக்கடை பஸீர் நானா பின்வரிசையிலிருந்து குனிந்தார். "ஆதரவாக் கையத் தூக்குங்களேன் தங்கச்சி, ஒங்கட கடன்தானே."

"கடன் என்டதான் நானா. சங்கப் பெட்டிக்குள்ள கெடக்கிற அறுவதாயிரமும் என்டதானே. அந்தப் பொம்புள கட்டாட்டி நான் யார்ட்டப் போய்க் கேக்க?"

எதிராகத் தூக்கினாள். நாற்பது பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். உற்சாகத்தில், அன்று விண்ணப்பித்திருந்த மற்றப் பதினாறு பேரும், பஸீர் நானா உட்பட, ஒருவர்பின் ஒருவராகத் தம்மைத் தாமே நிராகரித்தார்கள். சங்கத்தில் ஒரு ரூபாய்கூட வாராக் கடன் இல்லை என்று செயலாளர் கண்கலங்க அறிவித்தார்.

ஸமீமா விறுவிறென்று வீட்டுக்கு வந்தாள். கடன் மறுக்கப்பட்டவள் ஆத்திரத்தில் முதலாளியைத் தேடி வந்தாலும் வரலாம் என்று, கதவை இரண்டு தாழ்ப்பாளும் போட்டுப் பூட்டிக்கொண்டாள்.