மாட்டுங்காவில் பிச்சம்மாள் இல்லை

என்னையே எனக்குத் தெரியாது என்று ஒருமுறை நான் சொல்லியிருக்கிறேன். சாமியார் சொன்னால் அதற்குத் தத்துவம் என்று பேர். நான் சொன்னதற்குத் திமிர் என்று பேர்.

யுத்தம் முடிந்த வருஷம், கல்யாணமாகித் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மாட்டுங்காவில் ஒரு மூன்று மாடிக் கட்டடத்துக்கு வந்து சேர்ந்தேன். வீட்டுக்காரர் சுப்பிரமணியம் ரயில்வே ஆபீசில் கிளார்க். கட்டடத்துப் பெண்களின் பேர்களைக் கேட்டதுமே பிச்சம்மாள் என்கிற என் பேரை வெளியே சொல்ல வெட்கமாகிவிட்டது. லீலா, விமலா, நளினி! அந்தக் காலத்தில் அப்படிப் பேர் இருந்தால் வீட்டில் ரேடியோ இருக்கிறது என்று அர்த்தம். பிச்சம்மாள் என்றால் அந்த ரேடியோவைத் துடைக்கிறவள். (இப்போது என் பேத்தியோ லீலா, விமலாவெல்லாம் "பென்ஷன் வாங்குற ஆன்ட்டி பேரு" என்கிறாள். அமெரிக்காவில் படித்த அவள் தோழி மகளுக்குப் பொன்னம்மா என்று வைத்திருக்கிறாளாம், அதுதான் ஸ்டைலாம். கலிகாலம்!)

கீழ்வீட்டு லீலா மாமி, "உன் பேர் என்னடீ கொழந்தே?" என்றாள். என் வாயிலிருந்து "ஷீலா" என்று வந்தது. வந்த பிறகுதான் எனக்கே தெரியும். வீட்டுக்காரரால் தொல்லை இல்லை. அவர் என்னை எங்கள் ஊர் வழக்கப்படி "ஏளா" என்றுதான் கூப்பிடுவார்; அது எந்தப் பேருக்கும் பொருந்தும்.

மூன்று மாதம் ஷீலாவாக ஜம்மென்று வாழ்ந்தேன். பிறகு அப்பா வியாழக்கிழமை வருவதாகக் கடிதம் வந்தது. புதன்கிழமையே வந்துவிட்டார். (ஒரு நாள் முன்னதாகவே ரயிலேறிவிடுவது எங்கள் வம்ச வியாதி.)

அன்று பார்த்து, என் வீட்டுக்காரருடைய ஆபீசரின் மனைவி எங்கள் வீட்டுக்குக் காப்பி சாப்பிட வந்திருந்தார். நான் பஜ்ஜியைப் போட்டு வைத்துவிட்டு, ஷீலாவுக்குத் தகுந்த மெல்லிய குரலில் பேசிக்கொண்டிருந்தேன்.

கீழே நடந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அப்பா மருமகன் பேரைச் சொல்லி விசாரித்திருக்கிறார்.

"சுப்பிரமணியமா? இந்தக் கட்டடத்துல நாலு சுப்பிரமணியம் இருக்கா," என்றிருக்கிறாள் லீலா மாமி. (அதில் ஒருவர் மாமியின் வீட்டுக்காரர்.) "ஆத்துக்காரி பேர் என்ன?"

"பிச்சம்மா."

மாமி மாடியைப் பார்த்துக் கத்தினாள்: "ஷீலா! நம்ம பில்டிங்ல பிச்சம்மான்னு யாராவது இருக்காளாடீ?"

ஆபீசர் மனைவி பஜ்ஜியும் கையுமாக என்னைப் பார்த்தார். நான் எழுந்து எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இருந்த இடத்திலிருந்தே, "அப்படி யாரையும் தெரியாதே மாமி!" என்றேன்.

"கேட்டேளா? அந்த மாதிரிப் பேரெல்லாம் இங்க கெடையாது. தாராவியில போய்க் கேளுங்கோ."

விருந்தாளி போன பிறகு மாமி மேலே வந்தாள். "பாவம்டீ, பெரியவர். முறுக்கு மீசை, ஒத்தைக் காதுல கடுக்கன், கையில கருப்பட்டி வச்ச ஓலைக் கொட்டான்."

அது என் அப்பாவேதான்! செருப்புகூடப் போடாமல், எங்கள் ஊர்ப்பக்கத்து ஏழை ஜனங்கள் குடிசை போட்டிருந்த தாராவிக்கு ஓடினேன். இந்தியில் ஒரு வார்த்தை தெரியாத மனுஷன், இந்த ஊரில் தொலைந்துபோனால் எங்கே போய்த் தேடுவேன்? சந்து சந்தாகப் பார்த்தேன். காணோம். கடைசியில் வெட்கத்தை விட்டு நடுத்தெருவில் நின்று, "அப்பா! நான் பிச்சம்மா வந்திருக்கேன்!" என்று கத்தினேன்.

குழாயடியில் மூன்று பெண்கள் திரும்பினார்கள். "நாங்களும் பிச்சம்மாதான். ஒனக்கு எந்தூரு தாயீ?"

மூன்றாவது பிச்சம்மா வீட்டு வாசலில், கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து அப்பா ரசஞ்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"வாங்க, ஷீலாம்மா."

"அப்பா..."

"மாடியிலேருந்து ஒரு அம்மா என் மவளத் தெரியாதுன்னு சொன்னாங்க. தெரிஞ்ச கொரலாத்தான் இருந்துச்சு." ஒரு கவளத்தை விழுங்கினார். "மூணு பிள்ளைய மண்ணுக்குக் குடுத்துட்டு, நாலாவது நீயாவது தங்கணும்னு ஒங்கம்மா கோயில் வாசல்ல மடிப்பிச்சை எடுத்து வச்ச பேருளா அது."

ஓவென்று அழுதுவிட்டேன். அவ்வளவு கேவலமாக என்றைக்கும் எனக்கு இருந்ததில்லை. "அழுதது போதும், சோறு ஆறுது," என்று மூன்றாவது பிச்சம்மா எனக்கும் ஒரு தட்டு வைத்தாள். (அழுதுகொண்டே இரண்டு தட்டு சாப்பிட்டேன். என்ன செய்ய, ருசி அப்படி.)

அப்பா அதோடு விடவில்லை. ஊருக்குப் போனதும் யாரையோ பிடித்து, இங்கிலீஷில் கொட்டை எழுத்தில் என் பேரெழுதி ஒரு கார்டு போட்டார். மராத்திக்காரத் தபால்காரர் முற்றத்தில் நின்று, "பிச்சம்மாபாய்!" என்று அவர்கள் வழக்கப்படி மரியாதை சேர்த்துக் கட்டடமே அதிரக் கூப்பிட்டார். இனி மறைக்க என்ன இருக்கிறது என்று தடதடவென்று இறங்கி ஓடினேன்.

எனக்கு முன்னாலேயே அங்கே லீலா மாமி கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

நான் மாமியைப் பார்த்தேன். மாமி நீட்டிய கையை மெல்ல மடக்கிக்கொண்டாள்.

"இருபது வருஷமாச்சுடீ அந்தப் பேரைச் சொல்லி ஒருத்தர் என்னைக் கூப்பிட்டு," என்றாள். "அப்போ அன்னிக்கு வந்த பெரியவர் உங்கப்பாவா? அவர் கேட்டப்போ, எங்க ஊர்லேருந்து என்னைத் தேடிண்டு யாரோ வந்துட்டான்னு எனக்கு உசிரே போயிடுத்து. அதான் எல்லார் காதுலயும் விழறாப்பல கத்திட்டு, மனுஷரைத் தாராவிக்கு அனுப்பினேன்!"

இன்றைக்கும் யாராவது போன் பண்ணி என்னைக் கேட்டால், என் பிள்ளைகள் உடனே கொடுக்க மாட்டார்கள். ரிசீவரைப் பொத்திக்கொண்டு, "அம்மா, நீ இருக்கேன்னு சொல்லவா, தாராவிக்கு அனுப்பவா?" என்று கேட்ட பிறகுதான் கொடுப்பார்கள்.