பின்னால் போகாத கார்

சம்பந்தி வீடு கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. அந்த ஏற்றத்தின் நடுவில்தான் கார் இருமிவிட்டு நின்றது.

கனேமோரி தெய்சோ சாவியைத் திருகினார். பெட்ரோல் வாடைதான் வந்தது.

"ப்ளக்கை மாத்துங்கன்னு மெக்கானிக் தலைப்பாடா அடிச்சுக்கிட்டார், அப்பா" என்றாள் பின் இருக்கையில் மணப்பெண் மிதோரி.

"அவன் பிழைப்புக்குச் சொல்வான். உங்கம்மாவை இதே கார்ல, இதே ப்ளக்லதான் கூட்டிட்டு வந்தேன். முப்பது வருஷமா ஒரு நாள் நின்னதில்ல. ராசியான ப்ளக்கை எவனாவது மாத்துவானா?"

மனைவியைக் கூட்டி வந்த அன்று கிசோ ஆற்றங்கரை முழுக்கச் செர்ரி பூத்திருந்தது. அருகில் புதுப்பெண் நோபுயோ வெட்கத்தில் வாயே திறக்கவில்லை. வழி நெடுகப் பேசி வந்தது எஞ்சின்தான். அந்த முனகல் இன்னும் அவர் காதில் இருந்தது.

எதிரே தோஃபு என்னும் சோயாக் கட்டி விற்கும் வேன் வந்தது. இச்சினோமியா ஊர் வழக்கப்படி மணப்பெண்ணின் வண்டி பின்னால் போகாது. போனால் பெண் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்துவிடுவாள். வேன்காரர் இகராஷி வழிவிடுவதற்காகத் தெய்சோ நீட்டிய அன்பளிப்பு உறையை மரியாதையாக வாங்கிக்கொண்டு, மேடு வரை பின்வாங்கினார். கார் வராததால் இறங்கி வந்தார்.

"தள்ளுவோமா, ஐயா?"

முன் இருக்கையிலிருந்த நோபுயோ கைப்பிரேக்கை விட்டாள். தெய்சோ இறங்கி இகராஷியோடு சேர்ந்து தள்ளினார். கார் ஒரு விரற்கடை பின்னால் சரிந்தது. தெய்சோ தன் பளபளப்பான காலணியைக் கழற்றிச் சக்கரத்துக்கு அடியில் செருகினார்.

"யாரும் பார்க்கலையே?"

"நான் பார்க்கல. தோஃபு பார்த்திருந்தா தெரியாது."

"பேசாம வேன்ல போயிடட்டுமா?" என்றாள் மிதோரி.

"கனேமோரி வீட்டுப் பொண்ணு தோஃபுவோட போய் இறங்குவாளா?"

காரை வேனோடு கயிறு கட்டி இழுத்தார்கள். வேன் ஏறியது. காரின் முன் பம்பரும் கழன்று கூடவே ஏறியது. வாசலில் காத்திருந்த சம்பந்தி வீட்டார் இடுப்பு வளைத்துப் பம்பரை வணங்கினார்கள். கார் மறுபடி சரிய, இன்னொரு காலணியும் சக்கரத்துக்கு அடியில் போனது.

வெறும் காலுறையோடு நடுத்தெருவில் நின்றார் தெய்சோ. பரம்பரை மானத்துக்கு இனி முட்டுக்கொடுக்க அவரிடம் காலணி இல்லை.

நோபுயோ இறங்கினாள். கிமோனோவின் கைகளைக் கயிற்றால் தூக்கிக் கட்டினாள். கைப்பையிலிருந்து ஒரு ஸ்பேனரையும் நான்கு புது ப்ளக்குகளையும் எடுத்து, பானெட்டுக்குள் குனிந்தாள். சற்று நேரத்தில் கைகளைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

தெய்சோ சாவியைத் திருகினார். அதே முனகல். ஆற்றங்கரையில் கேட்ட அதே முனகல். கார் முன்னால் நகர்ந்தது.

கொஞ்ச தூரம் போனதும் கியரை மாற்றினார். பிறகு, "இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?" என்றார் மெதுவாக.

"நீங்க வெந்நீர் ஊற்றுக்குக் குளிக்கப் போறப்பல்லாம் நான்தானே ப்ளக்கை மாத்துவேன், இந்தத் தடவை கல்யாண வேலையில விட்டுப்போச்சுங்க."